தராசின் மறுதட்டு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அன்னூரில் எங்கள் வீட்டில் ஒரு சிறிய வழக்கு நடந்தது. வாதி நான். பிரதிவாதி ஒன்பது வயதான என் மகன். நீதிபதி என் அமுச்சி. வழக்குக்குக் காரணம், மகன் பள்ளியிலிருந்து கொண்டு வந்த மருத்துவப் பரிசோதனை அட்டை. அதில் உயரம் 135 சென்டிமீட்டர் என்றும் எடை 40 கிலோ என்றும் எழுதியிருந்தது.

"நாப்பது கிலோவா! கண்ணுபடப் போவுது, சாயங்காலம் சுத்திப் போடோணும்" என்றார் அமுச்சி.

நான் இயற்பியல் ஆசிரியன். எண்ணைக் கண்டால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தேன். 1.35ஐ 1.35ஆல் பெருக்கினால் 1.82. நாற்பதை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 21.9. இதற்கு உடல் நிறை குறியெண் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இந்த எண் 20.5-ஐத் தாண்டினால் அது உடற்பருமன்.

உடனே தீர்ப்பையும் நானே எழுதிவிட்டேன். உள்ளே வரும் ஆற்றல் மிகுதி. ஆகவே உணவைக் குறைக்க வேண்டும். ஐந்து இட்லி மூன்றாயிற்று. பதினைந்து நாள் சென்றபின் கண்ட பயன் என்ன? பையனின் முகம் வாடியது. வீட்டில் கிடைக்காத தின்பண்டம் வெளியில் ஒளிவாகக் கிடைத்தது. எடை இம்மியும் அசையவில்லை. அமுச்சியோ, "வளர்ற பையனைப் பட்டினி போடற வாத்தியாரை இப்பத்தான் பாக்கறேன்" என்று என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அதன் பிறகே நான் நூல்களைத் தேடிப் படித்தேன். எங்கள் வீட்டு வழக்கின் வேர் ஏறத்தாழ 150 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வதைக் கண்டேன். அமுச்சி சொன்னதிலும் நியாயம் உண்டு. அட்டவணை சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டும் எப்படி ஒரே வீட்டில் வந்து மோதின என்பதைத்தான் இக்கட்டுரையில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பஞ்சம் வகுத்த அளவு

கொங்கு நாட்டு முதியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அது. கோவை, சேலம் மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மாகாணத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர்.

அப்போது நிவாரண வேலைகளைப் பார்வையிட இந்திய அரசு 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை அனுப்பியது. செலவைச் சுருக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. மண் வெட்டிக் கல் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும், அதற்கு மேல் ஓர் அணாவும் கூலியாகப் போதும் என்று அவர் வகுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். இந்த அளவில் உழைக்கும் உடல் தேய்ந்துதான் போகும் என்பது அவர் வாதம். பின்னர் அந்த அளவு உயர்த்தப்பட்டது.

இன்றைய அளவுகோலில் அந்த ஒரு ராத்தலை நிறுத்துப் பாருங்கள். 450 கிராம் தானியம் தருவது ஏறத்தாழ 1,600 கிலோ கலோரி. ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,700 கிலோ கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்துள்ளது. அதாவது, விளையாடித் திரியும் என் மகனுக்கு இன்று தேவைப்படுவதைவிடக் குறைந்த தானியத்தை உண்டு ஓர் ஆண்மகன் அன்று மண் வெட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தைக் கடந்து பிழைத்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும்தான் நம் பாட்டிமார்கள். கொழுகொழு என்றிருக்கும் குழந்தை அவர்களுக்கு அழகின் அடையாளம் மட்டுமன்று, அடுத்த வறட்சியைத் தாங்கும் என்பதற்கான சான்று. புஷ்டி, சதைப்பிடிப்பு, லட்சணம் என்று நாம் வழங்கும் பாராட்டுச் சொற்களில் எல்லாம் அந்த அச்சத்தின் நிழல் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. "பையன் இளைத்துவிட்டானே" என்பது இன்றும் நம் ஊரில் ஒரு துக்க விசாரிப்பு அல்லவா?

உடல் என்னும் அடுப்பு

உணவைக் கலோரியால் அளக்கும் வழக்கம் எப்படி வந்தது? இங்கே இயற்பியல் நுழைகிறது.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவாசியே, லாப்லாஸ் என்னும் இரு அறிஞர்கள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று நிறுத்துப் பார்த்தனர். மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நடக்கும் எரிதலே என்னும் முடிவுக்கு வந்தனர். விறகு அடுப்பில் எரிவது போல உணவு உடலில் எரிகிறது. சுடர் மட்டும் இல்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1890-களில், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்பவரும் ரோசா என்னும் இயற்பியலாரும் ஒரு மனிதர் நாள் கணக்கில் தங்கி வாழக்கூடிய வெப்பமானி அறையைக் கட்டினர். உள்ளே செல்லும் உணவின் ஆற்றலும், உடல் வெளியிடும் வெப்பமும் வேலையும் கணக்கில் ஏறத்தாழச் சரியாக ஒத்திருந்தன. ஆற்றல் அழிவின்மை விதிக்கு மனிதனும் கட்டுப்பட்டவனே என்பது உறுதியாயிற்று. ஒரு கிராம் மாவுப்பொருளுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோ கலோரி என்று இன்று நாம் பயன்படுத்தும் மதிப்புகள் அட்வாட்டரின் உழைப்பிலிருந்து வந்தவை.

ஆகவே தராசுக்கு இரண்டு தட்டுகள். ஒன்றில் வரவு, மற்றதில் செலவு. மிஞ்சுவது கொழுப்பாகச் சேமிக்கப்படும். விதி எளியது. ஆனால் வரவையும் செலவையும் நிர்ணயிப்பவர் யார் என்பதை அந்த விதி சொல்வதில்லை. நான் தவறியது அங்கேதான்.

குன்னூரில் தொடங்கிய பணி

அன்னூரிலிருந்து வடமேற்கே பார்த்தால் நீலகிரி மலை தெரியும். அம்மலையில் உள்ள குன்னூரில்தான் நம் நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி வேர்விட்டது. 1918-இல் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் தம் பணியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவில் அவை பின்தங்கின. அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் ஆயிற்று. 1935-இல் பொறுப்பேற்ற ஐக்ராய்டு, இந்திய உணவுகளைப் பகுத்தாய்ந்து அவற்றின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். 1958-இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

குன்னூர்ப் பணி தொடங்கிய அதே 1918-இல் சேலத்தில் பிறந்தவர் டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் ஆய்வாளராகச் சேர்ந்து, பின்னர் ஐதராபாத்தில் அந்நிறுவனத்தின் இயக்குநரானார். வறிய குழந்தைகளுக்குப் புரதம்தான் பெருங்குறை என்று உலகம் நம்பிய காலம் அது. தானியமும் பருப்பும் கலந்த நம் உணவில் முதற்குறை புரதமன்று, போதிய ஆற்றலே என்று அவர் வாதிட்டார்.

இதைச் சோதிக்க அவரும் சக ஆய்வாளர்களும் ஐதராபாத்தை அடுத்த கிராமங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு சிற்றுண்டி கொடுத்தனர். அதில் இருந்தவை 23 கிராம் கோதுமை மாவு, 35 கிராம் சர்க்கரை, 10 கிராம் எண்ணெய். மொத்தம் 310 கிலோ கலோரி. புரதம் வெறும் 3 கிராம். பதினான்கு மாதங்களில் அதை உண்ட குழந்தைகள் உண்ணாதவர்களைவிட உயரத்திலும் எடையிலும் முந்தினர். முடிவுகள் 1973-இல் வெளியாயின.

வாசகர்களே, இந்த 35 கிராம் சர்க்கரையைச் சற்று நினைவில் வைத்திருங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

கிராமத்துக்கு வந்த தராசு

ஆய்வுக்கூடம் கண்டதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு சென்ற பெருமை நம் மாநிலத்துக்கு உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-களிலேயே மதிய உணவு தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலத் திட்டமாக உருப்பெற்றது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது.

இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாத மற்றொரு திட்டத்தையும் குறிப்பிட வேண்டும். 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமப் பணியாளர் ஒருவர் மாதந்தோறும் ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்து, எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக இடுவார். புள்ளிகளை இணைக்கும் கோடு மேலேறினால் மகிழ்ச்சி. படுத்துவிட்டால் அக்குழந்தைக்குக் கூடுதல் உணவு. இயற்பியல் மாணவர்களாகிய நீங்கள் இதன் நுட்பத்தை உணர்வீர்கள். ஒரு நாள் எடையைவிட எடை மாறும் வீதமே முக்கியம் என்பதை அத்திட்டம் கிராமந்தோறும் கற்பித்தது.

ஆனால் அன்றைய சூழலில் தராசு தேடியது ஒரே ஒரு குழந்தையை, மெலிந்த குழந்தையை. கோடு மிக வேகமாக மேலேறினால் என்ன செய்வது என்ற கேள்வி அன்று எவருக்கும் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மறுதட்டு தாழ்ந்த கதை

எனினும் ஒரு முன்னறிவிப்பு நம் நாட்டிலிருந்தே வந்தது. 1956-இல் ழான் மேயர் என்பவர் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றின் 213 தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நடுத்தர வேலையிலிருந்து கடின வேலை வரை செய்தவர்களிடம், வேலை கூடக் கூட உணவும் கூடியது. எடை ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. பசி சரியாகக் கணக்கு வைத்தது. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தவர்களிடம் அந்தக் கணக்கு பிசகியது. வேலை குறைந்தும் அவர்கள் உண்டது குறையவில்லை, எடை ஏறியது. இது பெரியவர்களிடம், ஒரே காலத்தில் எடுத்த அளவு என்பதை மறக்கக் கூடாது. எனினும் ஓர் ஐயத்தை அது எழுப்பியது: ஓரளவேனும் உடல் அசைந்தால்தான் பசியின் முள் சரியாக நிற்குமோ?

அந்த அசைவு நம் வாழ்க்கையிலிருந்து எப்படி நழுவியது என்பதை அறிய நீங்கள் ஆலைக்குப் போக வேண்டாம். எங்கள் வட்டாரத்துக் கிணற்றைப் பார்த்தால் போதும். அந்நாளில் இங்கே கவலை இறைப்பார்கள். மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, ஆள் கூடவே நடக்க, தோல் பறியில் நீர் ஏறும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கொங்கு நாட்டு ஆலைகளுக்கும், படிப்படியாகக் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. 5 குதிரைத்திறன் மோட்டாரின் திறன் 3,730 வாட். தொடர்ந்து உழைக்கும் மனிதனின் திறன் சுமார் 75 வாட். ஒரு மோட்டார் ஏறத்தாழ ஐம்பது ஆட்களின் வேலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டது.

இதற்காக வருந்த வேண்டியதில்லை. கவலை ஓட்டிய சிறுவர்கள் பள்ளிக்குப் போக முடிந்ததும் இதனால்தான். பழைய உழைப்பு இனிமையானது என்று பாடுவோர் அதைச் செய்யாதவர்கள். ஆனால் செலவுத் தட்டிலிருந்து எடுத்த எடைக்கு ஈடாக நாம் எதையும் வைக்கவில்லை. அன்னூரின் நடுவே கோவை–சத்தியமங்கலம் நெடுஞ்சாலை செல்கிறது. அதில் ஓடும் வண்டிகளுக்கு அஞ்சி, நடந்து போகும் தொலைவிலுள்ள பள்ளிக்கு என் மகனை நானே இருசக்கர வண்டியில் கொண்டு விட்டேன். தெருவில் விளையாடாதே என்று தடுத்ததும் நானே. அவனுடைய செலவுக் கணக்கை நான் வெட்டிவிட்டு, வரவு மிகுதி என்று அவன்மீது வழக்குத் தொடுத்திருந்தேன்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. சென்னையில் 13 முதல் 18 வயது வரையுள்ள சுமார் 4,700 மாணவர்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஆறில் ஒருவர் மிகை எடையுடன் இருந்தனர். வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும், உடலசைவு குறைந்தவர்களிடமும் அது மிகுந்து காணப்பட்டது. உலக அளவிலான ஒரு கூட்டாய்வு 2024-இல் தந்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உடற்பருமன் உள்ளவர்கள் 1990-இல் சுமார் 4 லட்சம். 2022-இல் 1 கோடியே 25 லட்சம்.

மெலிவு ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில் வயது வந்த பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வீட்டில், தராசின் இரு தட்டுகளும் ஒருங்கே தவறி நிற்கின்றன.

அதே சர்க்கரை, வேறு காலம்

இப்போது அந்த 35 கிராம் சர்க்கரையிடம் வருவோம். கடையில் விற்கும் இனிப்புக் குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை உண்டு. 300 மில்லிலிட்டர் புட்டியில் 33 கிராம். கோபாலனின் சிற்றுண்டியில் இருந்த அளவேதான்! அன்று மெலிந்த குழந்தையை நிமிர்த்திய அதே பொருள், இன்று போதுமான அளவு உண்டு முடித்த குழந்தையின் கையில் இருக்கிறது. சர்க்கரை மாறவில்லை. அது வந்து விழும் தட்டு மாறிவிட்டது.

33 கிராம் சர்க்கரை 132 கிலோ கலோரி. 30 கிலோ எடையுள்ள குழந்தை இதைச் செலவழிக்கத் தோராயமாக நாலைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். குடிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். மேலும், குடித்த கலோரியைப் பசி சரிவரக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதன் பிறகு உண்ணும் சோறு அந்த அளவுக்குக் குறைவதில்லை. எங்கள் பக்கத்தில் அஸ்கா என்று சொல்லும் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டாலும் கலோரிக் கணக்கு பெரிதாக மாறாது. அதுபோல, ராகி, கம்பு ஆகியவற்றின் சிறப்பு நார்ச்சத்தும் தாதுச்சத்துமே. கிராமுக்குக் கிராம் அவற்றின் ஆற்றல் அரிசிக்கு ஏறத்தாழ நிகர்தான்.

அப்படியானால் எல்லாம் நாவடக்கம் இல்லாததன் விளைவா? அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவர் 2019-இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. இருபது பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் அளித்தனர். பரிமாறிய கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் இரண்டிலும் ஒத்திருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம் என்று விட்டனர். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி கூடுதலாக உண்டனர், எடையும் ஏறியது. மனிதர்கள் மாறவில்லை, மனவுறுதி மாறவில்லை. தட்டில் இருந்த பண்டம் மாறியது. பெரியவர்களே இப்படி என்றால் ஒன்பது வயதுப் பிள்ளையைக் குற்றம் சொல்லலாமா?

நம் குழந்தைகளுக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் கிராமத்துப் பச்சிளங்குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகளுடன் ஒப்பிட்டனர். எடை சராசரி இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. ஆனால் எடையில் இவ்வளவு குறைந்தும், முதுகுத் தோலடிக் கொழுப்பில் நம் குழந்தைகள் அதே விகிதத்தில் குறையவில்லை. தசை குறைவு, கொழுப்பு மிகுதி. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு! ஆகவேதான் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டையில், மிகை எடையின் எல்லைக்கோடு தாழ்வாகவே வரையப்பட்டது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நம்மவர்க்கு இளமையிலேயே வருவதற்கு இது ஒரு காரணம்.

குழந்தையின் கணக்கு தனி

வளர்ந்தவர்களுக்கு வரவும் செலவும் சமமானால் போதும். குழந்தைக்கு அப்படியன்று. எலும்பும் தசையும் மூளையும் வளர வேண்டுமாதலால் வரவு எப்போதும் செலவைச் சற்று மிஞ்ச வேண்டும். சமமாக்கினால் வளர்ச்சி நின்றுவிடும். எனவே குழந்தையைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பது அறிவியலுக்கே முரணானது. மிகை எடையுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு எடையைக் குறைப்பதல்ல குறிக்கோள். எடை ஏறும் வேகத்தைத் தணித்து, உயரம் வந்து அதை எட்டிப் பிடிக்க நேரம் தருவதே.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அமுச்சியும் ஒப்புக்கொண்ட சோதனை இது. அரைஞாண் இறுகுவதை வைத்தே குழந்தை பெருத்ததை அறிந்தவர்கள் அல்லவா நம் பாட்டிமார்கள்! ஐந்து வயதைக் கடந்த குழந்தையின் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். முனைகள் தொட்டால் நல்லது. தொடாவிட்டால், இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். மருத்துவர்களும் இன்று இந்த விகிதத்தைப் பார்க்கிறார்கள். உயரம் வளராமல் எடை மட்டும் ஏறினாலோ, உறக்கத்தில் பலத்த குறட்டை இருந்தாலோ, கழுத்தின் பின்புறம் தோல் தடித்துக் கறுத்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

தடுக்கும் வழிகள் புதிரானவை அல்ல. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு வீட்டில் சமைத்த உணவு. சுட்ட கடலை, சுண்டல், பச்சைப்பயறு, கொள்ளு, முட்டை, மோர், பருவத்துப் பழம் ஆகியவை பைகளில் அடைத்த நொறுக்குத் தீனியின் இடத்தைப் பிடிக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர். தட்டில் வைத்ததைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாமை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது உறக்கம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடும் விளையாட்டு. கைப்பேசி முன் உண்ணாமை. இவை வீட்டின் கையில் உள்ளவை.

வீட்டின் கைக்கு எட்டாதவையும் உண்டு. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டர் தொலைவிலும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஐம்பது மீட்டரை அளக்க உங்களுக்குத் தெரியும். அளந்து பாருங்கள். பள்ளிக்கு நடந்து செல்ல நடைபாதை உண்டா, விளையாட்டுத் திடல் வாகன நிறுத்தமாகிவிட்டதா, விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கிவிட்டதா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையின் எடை அட்டையில் பாதியை எழுதுவது இவைதான். பஞ்சத்தை வென்றது தனித்தனிக் குழந்தைகளின் முயற்சியன்று. சத்துணவுக் கூடமும் எடைத் தராசும் ஊருக்கு ஊர் வந்ததால் வென்றோம். இதையும் அப்படித்தான் வெல்ல முடியும்.

தீர்ப்பு

எங்கள் வீட்டு வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இட்லி மறுபடி ஐந்தாயிற்று. குளிர்பானமும் பை நொறுக்கும் வீட்டுக்கு வருவது நின்றது, எனக்கும் சேர்த்து. காலையில் நெடுஞ்சாலையைக் கடக்கும் வரை நான் உடன் நடக்கிறேன்; மீதித் தொலைவைத் தோழர்களோடு அவன் நடக்கிறான். மாலையில் மன்னீஸ்வரர் கோயில் வரை அமுச்சிக்குத் துணையாகப் போய் வருகிறான். அதன் பிறகு இருட்டும் வரை விளையாட்டு.

எட்டு மாதம் கழித்து அளந்தேன். உயரம் 139 சென்டிமீட்டர், எடை 40.5 கிலோ. குறியெண் 21.9-இலிருந்து 21.0-க்கு வந்திருக்கிறது. எடை குறையவில்லை, உயரம் கூடியிருக்கிறது. இன்னும் எல்லைக்கோட்டின் அருகில்தான் நிற்கிறான். இது ஆண்டுக் கணக்கில் நடக்க வேண்டிய வேலை.

"பையன் இளைச்சுப் போயிட்டானே" என்று அமுச்சி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். முன்போல் நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்தச் சொல் எந்தக் காலத்திலிருந்து வருகிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். மடித்த கயிற்றை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பேரனின் இடுப்பை அவரே அளந்து சொல்கிறார்.